நாற்காலியின் இதயத்துடிப்பு

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, இருக்கிற நாற்காலிகளிலேயே ஆக மெத்தென்ற நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவன இயக்குநர் ஐயா அவர்களே. அவருக்கு வலப்பக்கம் தலையாட்டிக்கொண்டும் இடப்பக்கம் கைதட்டிக்கொண்டும் வீற்றிருக்கும் ஆலோசகப் பெருமக்களே. மென்மையை ஆய்ந்து ஆய்ந்து மெலிந்துபோன மேல்மாடி அறிஞர்களே. உறுதியை உரசி உரசி உறைந்துபோன கீழ்மாடி வல்லுநர்களே. அழைப்பை மதித்து வந்திருக்கும் பெரியோர்களே. ஒரு துணி பிள்ளைக்கு உறுத்துமா உறுத்தாதா என்பதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் தாய்மார்களே. நான் என்ன பேசித் தொலைக்கப் போகிறேனோ என்று முதல் வரிசையில் பதறியபடி உட்கார்ந்திருக்கும் என்னைப் பெற்ற அம்மாவே. அவள் பக்கத்தில், புருவத்தில் தையல் போட்ட தழும்போடு அமர்ந்திருக்கும் என் தங்கையே. உங்கள் எல்லோருக்கும் இந்தத் துணிச் சோதனைக்காரியின் வணக்கம்.

வாழ்த்துரை வழங்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். பேசி முடித்ததும் மேசைமேல் இருக்கிற இந்தச் சிவப்புப் பொத்தானை நான் அழுத்த வேண்டுமாம். அழுத்தினால் பலூன்கள் விழுமாம், இசை எழுமாம், இந்தச் சட்டை நாளை முதல் நாடெங்கும் கடைகளுக்குப் போகுமாம். பொத்தானுக்கு வருவோம். பொத்தான் எங்கும் ஓடிவிடாது.

எனக்கு முன்னால் பேசிய பெருமக்கள் அத்தனை பேரும் இந்தச் சட்டையை என்னவென்று புகழ்ந்தார்கள்? இரண்டாம் தோல் என்றார்கள். இதயத்தைக் காக்கும் கவசம் என்றார்கள். ஓர் ஆலோசகர் ஒருபடி மேலே போய், உடுத்தக் கூடிய உயிர்த்தோழன் என்றார். கேட்கக் கேட்க எனக்கே கண்ணில் நீர் வந்தது. ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். இவ்வளவு பேசியவர்களில் எவராவது அந்த இரண்டாம் தோலை இப்போது உடுத்தியிருக்கிறாரா? இயக்குநர் ஐயா உடுத்தியிருப்பது நல்ல பருத்தி. ஆலோசகர்கள் உடுத்தியிருப்பது இன்னும் நல்ல பருத்தி. உயிர்த்தோழனை ஏன் ஐயா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள்?

சிரிக்காதீர்கள். சிரித்தால் என் நேரம் போய்விடும். அதோ அந்த ஓரத்தில் ஒரு தம்பி ஏற்கெனவே கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.

இந்தச் சட்டை எதற்கு என்று தெரியாமல் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வலிப்பு நோய் உள்ளவர்களுக்காக இதைச் செய்தோம். துணிக்குள்ளேயே மின்சாரம் பாயும் நூல். நெஞ்சுப் பக்கம் இதயத்துடிப்பை உணரும் திட்டுகள். காலரின் பின்புறம் நகக்கண் அளவில் ஒரு கணினிச் சில்லு. உடம்பில் வலிப்பு தொடங்குகிறபோதே துடிப்பின் தாளம் மாறும். மாறியதும் சட்டை வீட்டாரின் கைபேசியைக் கூவி அழைக்கும். எண்ணம் உயர்ந்த எண்ணம். அதை நான் பழிக்கவில்லை. அந்த எண்ணத்தை நம்பித்தான் நானும் என் மூக்கையும் விரலையும் இந்த நிறுவனத்துக்குக் கொடுத்தேன்.

என் தலைக்கு மேலே திரையில் ஒரு பச்சைக்கோடு ஏறி இறங்கி ஓடுகிறதே, பார்த்தீர்களா? விழா தொடங்கும்போது வாட்டசாட்டமான ஓர் இளைஞர் இந்தச் சட்டையோடு மேடையில் நடந்து காட்டினார். கை தட்டினீர்கள். பிறகு அவர் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். அவருடைய இதயம்தான் இது என்று அறிவிப்பாளர் சொன்னார். எவ்வளவு அழகாக, எவ்வளவு அமைதியாக ஓடுகிறது. அதை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி என்றால் என்ன? மேல்மாடியைக் கேட்டால் மென்மை என்பார்கள். கீழ்மாடியைக் கேட்டால் உறுதி என்பார்கள். எனக்குத் தெரிந்த துணி வேறு. முறுக்கிப் பிழிவது துணி. உப்பு வியர்வையில் ஊறுவது துணி. குழந்தை வாயில் வைத்துச் சப்புவது துணி. அவசரத்தில் தலைவழியாக இழுத்துக் கழற்றி, மூலையில் எறிந்து, மறுநாள் அடித்துத் துவைத்து, வெயிலில் போட்டு, மீண்டும் மாட்டிக்கொண்டு ஓடுவது துணி. இத்தனையும் தாங்கிக்கொண்டு உள்ளே ஒரு மின்சுற்று உயிரோடு இருக்க வேண்டும். நூல் வளையும், சில்லு வளையாது. வளைவதும் வளையாததும் சந்திக்கிற இடத்தில்தான் எல்லாம் அறுந்து போகும். இதைக் கண்டுபிடிக்க ஆலோசகர் வேண்டாம். காலர் கிழிந்த சட்டை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

எங்கள் நிறுவனம் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தது தெரியுமா? கட்டடத்தை இரண்டாகப் பிரித்துத் தீர்த்தது. மேல்மாடியில் மென்மைப் பிரிவு. கீழ்மாடியில் உறுதிப் பிரிவு. நடுவில் ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியவர் தேநீர் கொண்டுவருகிறவர் ஒருவர்தான்.

மேல்மாடி ஒரு சட்டை செய்தது. மலரினும் மெல்லியது என்றார்கள், உண்மைதான். கையில் எடுத்தால் நழுவியது. என் சோதனை அறைக்கு வந்தது. ஒரு முறை துவைத்தேன், உயிர் போனது. "எங்க சட்டைய யாரு உங்கள துவைக்கச் சொன்னது?" என்று மேல்மாடித் தலைவி என்மேல் பாய்ந்தார். சட்டையைத் துவைக்காமல் வேறு என்ன செய்வது, சட்டம் போட்டு மாட்டுவதா?

பிறகு அது கீழ்மாடிக்குப் போனது. அவர்கள் நூலின் மேல் ஒரு பூச்சு பூசினார்கள். அதற்கு மேல் ஒரு பூச்சு. மூட்டுகளில் பசை. பசைக்கு மேல் தகடு. திரும்பி வந்த சட்டையை மேசைமேல் வைத்தேன். அது படுக்கவில்லை, தாய்மார்களே. நின்றது. உள்ளே ஆளே இல்லாமல் தோளை விறைத்துக்கொண்டு நின்றது. சுற்றி நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். இப்போது துவைத்துப் பாருங்கள் என்றார்கள். துவைத்தேன், பிழிந்தேன், திரித்தேன், உதறினேன். என் மணிக்கட்டு வலித்தது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இத மனுஷன் போட முடியுமா?" என்று கேட்டேன். கீழ்மாடித் தலைவர் என்ன சொன்னார்? "அது எங்க பிரிவு இல்லீங்க, மேல கேளுங்க." மேலே போய்க் கேட்டேன். "மென்மைச் சோதனைய நாங்க எப்பவோ முடிச்சிட்டோமே." எந்தச் சட்டையை வைத்து முடித்தார்கள்? முதல் சட்டையை வைத்து. மென்மைக்குத் தேறியது ஒரு சட்டை. உறுதிக்குத் தேறியது இன்னொரு சட்டை. கடைக்குப் போவது மட்டும் ஒரே சட்டை. இதை நான் எழுதியும் கொடுத்தேன், ஏசியும் பார்த்தேன். விழா நாள் குறித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, ஆகவே அறிவியல் வளைந்துகொடுக்க வேண்டும் என்றார்கள். நூலை வளைக்கத் தெரியாதவர்களுக்கு அறிவியலை வளைப்பது எவ்வளவு எளிதாக வருகிறது பாருங்கள்.

இனி என் வீட்டுக்கு வாருங்கள்.

என் தங்கைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து வலிப்பு. வளர்ந்தாள், படித்தாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்க்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் எந்த உள்கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்குக்கூடக் கிடையாது. அம்மா எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள். உள்ளே விழுந்து கிடந்தால் யார் திறப்பது என்ற பயம். தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றவளின் பயத்தைத் தராசில் போட எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வளர்ந்த ஒரு பெண், தன் வாழ்நாளில் ஒரு முறையாவது கதவைச் சாத்தி, தாழிட்டு, இந்த அறைக்குள் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று மூச்சு விட்டதில்லை. அவளுக்கு நகை வேண்டாம், நாடு சுற்ற வேண்டாம். ஒரு தாழ்ப்பாள் வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சட்டையை வீடுகளில் அணிந்து பார்க்க ஆட்களைத் தேடினார்கள். தங்கை தானாக முன்வந்தாள். அம்மாவிடம் பேரம் பேசினாள்.

"சட்ட உடம்புல இருந்தா உன் போன்ல பச்சக்கோடு ஓடும்மா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுவே கத்தும். அப்புறம் என் ரூமுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கலாம் இல்ல?"

"கோடு நின்னா?"

"நின்னா கதவ ஒடைச்சிட்டு வா."

அம்மா ஒத்துக்கொண்டாள். மரத்தச்சர் வந்தார், தாழ்ப்பாள் ஏறியது. அன்று என் தங்கை அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். நான் பார்த்தேன். என் நிறுவனத்தை நினைத்து நான் பெருமைப்பட்ட ஒரே நாள் அதுதான்.

விடுமுறை நாளொன்றில், மதிய உணவுக்குப் பிறகு, தங்கை அறைக்குள் போய்த் தாழிட்டாள். அம்மா கூடத்தில் பக்கத்து வீட்டம்மாவிடம் கைபேசியை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். "பாருங்க, சின்னவ நல்லாத் தூங்குறா. எவ்வளவு நிதானமா அடிக்குது பாருங்க அவ நெஞ்சு." பக்கத்து வீட்டம்மா கன்னத்தில் கை வைத்து வியந்தார். இரண்டு பேரும் அந்தப் பச்சைக்கோட்டை ரசித்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம், கட்டில் விளிம்பில் புருவம் பிளந்து, தரையில் என் தங்கை துடித்துக்கொண்டிருந்தாள்.

கோடு மாறவில்லை. கைபேசி கூவவில்லை. தானாகத் தெளிந்து, தானாகத் தவழ்ந்து வந்து, தானே தாழ்ப்பாளைத் திறந்து, ரத்தத்தோடு அம்மா காலடியில் விழுந்தாள். அப்போதும் அம்மாவின் கையில் கோடு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

சட்டை எங்கே இருந்தது தெரியுமா? நாற்காலியில். முதுகுச் சட்டத்தில் மாட்டி, மேலிருந்து கீழ்வரை ஒழுங்காகப் பொத்தான் பூட்டி.

மருத்துவமனையில் தையல் போட்ட பிறகு கேட்டேன். "ஏண்டி கழட்டின?"

"குத்துதுக்கா. கழுத்துப்பட்டை அரம் மாதிரி அறுக்குது. முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு. ஒரு வேள சாப்பிடுற நேரத்துக்கு மேல உடம்புல வெச்சிருக்க முடியல."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"சொன்னா சட்டய வாங்கிடுவீங்க. சட்ட போனா தாழ்ப்பாளும் போயிடும்."

"அப்ப கோடு எப்படி ஓடுச்சு?"

"பொத்தான் போட்டிருந்தாப் போதும்க்கா, அது பாட்டுக்கு ஓடும். அவுத்தாத்தான் கத்தும். அதான் அவுக்காம தலைவழியா உருவி நாற்காலிக்குப் போட்டு விட்டேன்."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தனிமையைக் கடன் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் அவளை வைத்தது யார்? அணிய முடியாத ஒன்றை அணியும் கவசம் என்று கொடுத்தது யார்? கோபம் எங்கே வந்ததோ அங்கே போனேன்.

போனால் எங்கள் நிறுவனத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீடுகளுக்குப் போன சட்டைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவாம். ஒரு நூல் அறவில்லை, ஒரு திட்டு உரியவில்லை, ஒரு சில்லு சாகவில்லை. உறுதியில் முழு வெற்றி. கீழ்மாடித் தலைவர் எனக்கே ஒரு துண்டை ஊட்ட வந்தார். நான் கேக்கைத் தொடவில்லை. சட்டைகளை எடுத்து மோந்து பார்த்தேன்.

ஆமாம் தாய்மார்களே, மோந்துதான் பார்ப்பேன். சோதனைக்கு வருகிற எந்தத் துணியையும் முதலில் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். இதைச் சொன்னால் மேல்மாடியில் முகம் சுளிப்பார்கள். அக்குளில் வியர்வை மணம் இருக்க வேண்டும். காலரில் அழுக்கு இருக்க வேண்டும். இந்தச் சட்டைகளில் என்ன இருந்தது? எங்கள் ஆலையின் பசை மணம் இருந்தது. ஒன்றின் தோளில் நாற்காலியின் மூலை புடைத்திருந்தது. இன்னொன்றில் தலையணையின் பஞ்சு ஒட்டியிருந்தது. எல்லா வீட்டிலும் இதே கதைதான். மனிதர்கள் கழற்றிவிட்டார்கள், மரச்சாமான்கள் உடுத்திக்கொண்டன. கிழியுமா என்று பார்த்தார்களே தவிர, எவனாவது போட்டானா என்று யாரும் பார்க்கவில்லை. போடாத சட்டை எப்படி ஐயா கிழியும்?

நாற்காலிக்கு எப்படி இதயம் துடித்தது என்று கேட்டேன். அந்தக் கணினி நிரலை எழுதிய நிபுணர், பாவம், பெருமையோடுதான் விளக்கினார். "பொத்தான் பூட்டியிருந்தா சட்ட உடம்புல இருக்குன்னு அர்த்தம் மேடம். நடுவுல தோலோட தொடர்பு விட்டுப்போச்சுன்னா, கடைசியா வந்த நல்ல துடிப்பையே திரும்பத் திரும்பக் காட்டும். பார்க்கிறவங்க பதறக் கூடாது இல்லையா?"

ஏன் அப்படி வைத்தார்கள்? பூச்சுப் பூசி விறைத்த சட்டை உடம்பில் ஒட்டவே இல்லை. அதனால் கோடு அடிக்கடி அறுந்தது. அறுந்தால் காட்சிக்கு நன்றாக இல்லை. சட்டையை மென்மையாக்க நேரமில்லை, கோட்டை மென்மையாக்கிவிட்டார்கள். மென்மை, மென்மை என்று இவர்கள் பேசிய பேச்செல்லாம் கடைசியில் எங்கே போய் முடிந்தது பார்த்தீர்களா?

இயக்குநர் ஐயாவிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு முத்தை உதிர்த்தார். "உங்க தங்கச்சி சட்டையப் போடல. அதனாலதான் அடிபட்டுச்சு. சட்டை தோக்கல, அணிஞ்சவங்கதான் ஒத்துழைக்கல." ஐயா, அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டு நாற்காலிதான் முழு ஒத்துழைப்புக் கொடுத்தது. அதற்கு ஒரு பரிசு கொடுத்திருக்கலாம். அதோடு விட்டாரா? "விழாவுல நீங்களே பேசுங்க. தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு வார்த்த உருக்கமா சொன்னீங்கன்னா ஜனங்க மனசுல பதியும்." இதோ, கூட்டி வந்திருக்கிறேன். உருக்கமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிக் கைகாட்ட வேண்டாம் தம்பி. நிறுத்தினாலும் என் குரல் கடைசி வரிசைவரை போகும்.

இப்போது சொல்லுங்கள் அவையோரே. நான் பேசத் தொடங்கியதிலிருந்து என் தலைக்கு மேல் ஓடுகிறதே இந்தப் பச்சைக்கோடு, இது யாருடைய இதயம்? அந்த இளைஞருடையதா? நன்றாகத் தெரியுமா? உங்களில் யாராவது எழுந்து அந்தத் திரைச்சீலையைச் சற்று விலக்குங்கள். நீங்கள்தான் அம்மா, ஓரத்தில் இருக்கிறீர்களே. கயிற்றை இழுங்கள்.

பார்த்தீர்களா?

வெட்கப்படாதே தம்பி, தேநீரைக் குடி. பனியனோடு நிற்பது குற்றமில்லை; உன் தோளில் இருக்கிற அந்தச் சிவந்த தடிப்பைத்தான் எல்லோரும் பார்க்கட்டும். பக்கத்தில் மடக்கு நாற்காலி. அதன்மேல் நம் இரண்டாம் தோல், பொத்தான் குறையாமல். அதன் தலைக்கு நேரே திரையில், அழகாக, அமைதியாக, ஏறி இறங்கி ஓடுகிறது அதன் இதயம். நடந்து காட்டிவிட்டுக் கழற்றி மாட்டச் சொன்னது யார் தம்பி? பொத்தானை மட்டும் அவிழ்க்காதே, அவிழ்த்தால் விழா நடுவில் கத்தும் என்று சொன்னது யார்? சரி, சொல்ல வேண்டாம். உனக்கும் வேலை வேண்டும்.

ஆக, இவர்களுக்கு எல்லாம் தெரியும். இந்தப் பொய்யைத்தான் நாளை உங்கள் வீட்டுக்கு விற்கப் போகிறார்கள். இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஒரு தாய் நிம்மதியாகச் சமையலறைக்குப் போவாள். இந்தக் கோட்டை நம்பித்தான் ஒரு கணவன் வெளியூர் போவான். கதவுக்கு அந்தப் பக்கம் யார் துடித்தாலும், இந்தப் பக்கம் பச்சை.

இதைச் செய்யவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். மின்னிழையை நேராகத் தைக்காமல் நெளிநெளியாகத் தைத்தால் இழுத்தாலும் அறாது. சில்லுக்கும் துணிக்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும் ஒரு பட்டையை வைத்தால் மூட்டு முறியாது. இது மேல்மாடிக்கும் தெரியும், கீழ்மாடிக்கும் தெரியும். தெரிந்ததை ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே துணியில் தைக்க வேண்டும். செய்கிறவர்கள் முதலில் தங்கள் உடம்பில் போட்டுக்கொண்டு வேலைக்கு வர வேண்டும், பேருந்தில் நசுங்க வேண்டும், வியர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தோலை விட்டு விலகிய சட்டை, எனக்குத் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கோடு அறுந்தால் அறுந்ததாகக் காட்டட்டும். நாங்கள் பதறுகிறோம். பதறுவது எங்கள் உரிமை. பதறியிருந்தால் என் அம்மா கதவை உடைத்திருப்பாள்.

தெரியவில்லை என்று சொல்லும் துணிவு ஒரு சட்டைக்கு வர வேண்டுமென்றால், முதலில் அதைச் செய்கிறவர்களுக்கு வர வேண்டும். மேடையில் அமர்ந்திருக்கும் இத்தனை பேரில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், நான் இன்று வாழ்த்திப் பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

பொத்தானை அழுத்த மாட்டேன். பலூன்கள் மேலேயே தொங்கட்டும்.

அதற்குப் பதிலாக இதை இயக்குநர் ஐயாவின் மேசைமேல் வைக்கிறேன். பயப்படாதீர்கள் ஐயா, கூர்மையான பொருள் இல்லை. இது ஒரு தாழ்ப்பாள். என் தங்கையின் அறைக்கதவில் இருந்தது. அடிபட்ட அன்று மாலையே அம்மா கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். கதவில் இப்போது திருகாணி போன துளைகள் மட்டும் இருக்கின்றன. அவள் மறுபடி திறந்த கதவோடுதான் உடை மாற்றுகிறாள், திறந்த கதவோடுதான் தூங்குகிறாள், திறந்த கதவோடுதான் அழுகிறாள். உண்மையான சட்டை ஒன்று செய்து முடித்த அன்று, கேக் வெட்ட வேண்டாம், மண்டபம் பிடிக்க வேண்டாம். இந்தத் தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டு, நீங்களே எங்கள் வீட்டுக்கு வந்து மாட்டிக்கொடுங்கள். திருப்புளி நான் தருகிறேன்.

நேரம் கொடுத்த அவையோருக்கும், நேரத்தைப் பிடுங்க முயன்று தோற்ற ஓரத்துத் தம்பிக்கும், கயிற்றை இழுத்த அம்மாவுக்கும், தேநீரோடு நின்று உண்மை காட்டிய இளைஞருக்கும் நன்றி. குறுக்கிடாமல், கோபப்படாமல், தொடக்கம் முதல் இறுதிவரை என் பேச்சை நிதானமான நெஞ்சோடு கேட்ட ஒரே ஆள் அந்த மடக்கு நாற்காலிதான், அதற்கும் நன்றி.

எழுந்திரு தங்கச்சி. அம்மா, நீயும் வா. வீட்டுக்குப் போவோம். அனைவருக்கும் வணக்கம்.